தாளிக்காத பருப்பு

நான் அவருக்குச் செய்ததைப் பாவம் என்று சொல்கிறவர்கள் எங்கள் லயத்திலேயே, இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, இருக்கிறார்கள். சொல்லட்டும். செய்தது நான்தான். வருத்தப்படவில்லை. இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தால் இன்னொரு முறையும் செய்வேன், இதைவிட நிதானமாகச் செய்வேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் டயகமவுக்குப் போகிற மலைப்பாதையில் இருக்கிறது. நாட்டில் எண்ணெய்க்கும் கேஸுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்று மயங்கி விழுந்த காலத்தில், எங்களுக்கு வரிசையில் நிற்கவும் கையில் ஒன்றுமில்லை. மாவு விலை ஏறி, ரொட்டி சுடுகிற வீடுகளில் ரொட்டி பாதியானது. பிறகு ஒரு நேரம் மட்டும் என்றானது. காலையில் வெறும் பிளேன்டீயைக் குடித்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போன பெண்கள் மலையில் தலைசுற்றி உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து பழைய பிள்ளைக்காம்பராவைத் திறந்தோம். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுச்செல்கிற கட்டடம் அது. புதிதாக ஒன்று கட்டியபிறகு சும்மா கிடந்தது. மூன்று கல்லை வைத்து, கோயில் அண்டாவைத் தூக்கிவந்து, மதியத்துக்கு ஒரு சோறு என்று ஆரம்பித்தோம். அரிசி எங்கிருந்து வந்தது என்று பின்னால் எத்தனையோ பேர் கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும்தான் வந்தது. விடிந்ததும் ஒரு பிடி அரிசி. அரிசி இல்லாத வீடு பூசணிக்காயில் ஒரு கீற்று. அதுவும் இல்லாத வீடு ஒரு கட்டு விறகு, விறகும் இல்லையென்றால் வந்து பாத்திரம் கழுவும். கொடுக்காத வீடு என்று ஒன்று கிடையாது. அதனால் வாங்கித் தின்கிற வீடு என்றும் ஒன்று கிடையாது. வெட்கப்படாமல் எல்லாரும் தட்டை நீட்டினார்கள். இதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

அவர் வந்தது அதற்குப் பிறகு. ஹட்டனில் ஒரு சமூக நிறுவனம் நடத்துகிறவர். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். அவருடைய அம்மாவும் கொழுந்து எடுத்தவர். படித்து மேலே வந்த பிள்ளை என்று எங்களுக்கும் மரியாதை இருந்தது. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று மலையகத்தில் உணவு கொடுக்க வந்திருக்கிறது, உள்ளூரில் பங்காளி தேடுகிறது, அந்தப் பங்காளி நாமாக இருக்கலாம் என்றார். எங்கள் பக்கத்தில் பங்காளி என்றால் சித்தப்பா பெரியப்பா மக்கள், கோயில் கும்பிடும்போது முதல் மரியாதைக்கு அடித்துக்கொள்கிறவர்கள். நாத்தனார் அதைச் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"நீங்க சமைக்கிறதை நிறுத்தவே வேணாம் அக்கா. நாங்க பின்னால நின்னு தாங்குறோம். உள்ளூர் ஆளுங்களே நடத்துற மாதிரி ஆக்கிட்டுப் போறதுதான் திட்டமே."

நம்பினேன். நம்புகிற மாதிரித்தான் எல்லாம் வந்தது. மூட்டை மூட்டையாக அரிசி, பருப்பு, பெரிய கேஸ் அடுப்புகள், இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய அலுமினிய அண்டாக்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். கதவுக்கு மேலே பதாகை கட்டினார்கள். பதாகையில் அவருடைய நிறுவனத்தின் பெயரும் வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரும் இருந்தன. எங்கள் தோட்டத்தின் பெயர் கீழே ஓரத்தில் இருந்தது, மழையில் அந்த ஓரம்தான் முதலில் கிழிந்தது.

பிறகு எங்களைப் பயிற்றுவித்தார்கள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் செயலமர்வு. பெரிய தாளில் ஒரு மரம் வரைந்து வேரில் எங்கள் பிரச்சினைகளையும் கிளையில் எங்கள் பலங்களையும் எழுதச் சொன்னார்கள். கை கழுவுவது எப்படி என்று ஒரு பெண்பிள்ளை செய்து காட்டினாள். எண்ணெயைக் குறைத்துச் சமைப்பது எப்படி என்று இன்னொருவர் படம் போட்டுக் காட்டினார். எண்ணெய் வாங்கவே வழியில்லாமல்தான் நாங்கள் அங்கே போயிருந்தோம். மதியம் கோழிக்கறியோடு சோறு போட்டார்கள். நாத்தனார் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "மரத்துல எழுத மறந்துட்டேன், இதான் என் பலம்" என்றாள்.

இதுவரை நான் பொறுத்துக்கொண்டேன். கை கழுவக் கற்றுக்கொடுத்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது தெரிவு வந்த பிறகுதான்.

எல்லாருக்கும் சோறு போட முடியாது, மிகவும் கஷ்டப்பட்ட வீடுகளைத் தெரிவு செய்யவேண்டும் என்றார்கள். கொழும்பில் பிள்ளை வேலை செய்கிற வீடு கழிந்தது. வெளிநாட்டுக்குப் போய்வந்த வீடு கழிந்தது. நான் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல்காரியாக இருந்துவிட்டு வந்தவள், ஆகவே என் வீடும் கழிந்தது. நான் சமைக்கலாம், சாப்பிடக்கூடாது. தெரிவான வீடுகள், நாங்க பயனாளிங்க, நாங்க ஏன் அரிசி குடுக்கணும் என்று கேட்டன. கழிந்த வீடுகள், சாப்பிடாத சோத்துக்கு நாங்க ஏன் குடுக்கணும் என்று கேட்டன. இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. பிடி அரிசி நின்றுபோனது. அது நின்றதை அவர் கவனிக்கவே இல்லை. மூட்டையில்தான் வந்துகொண்டிருந்ததே.

ஒருநாள் மேல் லயத்துப் பெரியவர் ஒருவர் தட்டோடு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், ஆனால் பணம் அனுப்புவதில்லை என்பது தோட்டத்துக்கே தெரியும். அன்று ஹட்டன்காரரும் வந்திருந்தார், படம் எடுப்பதற்கு. பெரியவரைத் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போய், "தாத்தா, ஒங்க வீடு இதுல வராதுங்க, கோவிச்சுக்காதீங்க" என்று பக்குவமாகச் சொன்னார். பெரியவர் கோபிக்கவில்லை. தட்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போனார். பிறகு எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. நான் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தபோதும் வேண்டாம் என்றுவிட்டார். அன்றைக்கு எனக்குள் ஏறிய சூடு இறங்கவே இல்லை.

திட்டம் முடிகிற நேரம் வந்தது. இன்னொரு முறை ஹோட்டலுக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை வெளிநாட்டு நிறுவனத்தின் பொறுப்பாளர், ஒரு வெள்ளைக்காரம்மா, நேரில் வந்திருந்தார். வலப்பனைப் பக்கத்திலிருந்தும் சில பெண்கள் வந்திருந்தார்கள். ஹட்டன்காரர் சுவரில் படங்களைப் போட்டுக் காட்டி இங்கிலீசில் பேசினார். எங்கள் மூன்று கல் அடுப்பின் படமும் அதில் இருந்தது.

குவைத்தில் எனக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை, இங்கிலீசு கிடைத்தது. அந்த வீட்டு எசமானி நாள் முழுக்கத் திட்டியது இங்கிலீசில்தான். எனக்கு இங்கிலீசு புரியும் என்று ஹட்டன்காரருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அவர் சொன்னது இதுதான். நாங்கள் இந்தப் பெண்களைக் கண்டபோது மண்ணில் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுசேர்ந்து வேலை செய்வது என்றால் என்னவென்றே தெரியாது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து இவர்களை உருவாக்கினோம். ஆனாலும் பொருட்களைப் பராமரிக்கிற அளவுக்கு இவர்கள் இன்னும் வளரவில்லை. ஆகவே நிறைவு விழா முடிந்ததும் அடுப்பையும் அண்டாக்களையும் ஹட்டனுக்குக் கொண்டுபோய் அங்கே ஒரு மாதிரிச் சமையலறையை எங்கள் நிறுவனமே நடத்தும்.

சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "ஒங்களைப் பத்தி ரொம்பப் பெருமையா சொல்லியிருக்கேன், கை தட்டுங்க" என்றார்.

பெண்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டின கை இரண்டும் எரிந்தன.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். "அண்டா எல்லாம் எங்க போகுது, சேர்?"

"எங்கயும் போகாது அக்கா. பேப்பர்ல மட்டும் எங்க பேர்ல இருக்கும். சாமான் ஒங்க எடத்துலதான்."

முகத்தைப் பார்த்துச் சொன்னார். கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூட நான் பாதி மன்னித்திருப்பேன். பஸ்ஸில் திரும்பும்போது மற்றப் பெண்களுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். புகார் எழுதிப் போடலாம் என்றாள் ஒருத்தி. புகார்ப்பெட்டி எங்கள் சமையலறைச் சுவரிலேயே தொங்கியது. அதன் சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

அண்டா போனால் என்ன, கல்லை வைத்துச் சமைத்தவர்கள்தானே என்று நினைக்கலாம். கோயில் அண்டாவைத் திரும்ப இறக்கினால் மட்டும் போதாதே. பிடி அரிசி கொடுத்த வீடுகள் இப்போது ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இருந்தன. அந்த ஒற்றுமையை அவர் உடைத்துவிட்டு, ஒற்றுமையே இருந்ததில்லை என்று வேறு சொல்லிவிட்டுப் போகப் பார்த்தார். சாமானும் போய் பேரும் போனால் மதியச் சோறு அத்தோடு செத்துப்போகும். இது எனக்கு நன்றாகத் தெரிந்தது. படுத்தாலும் எழுந்தாலும் அந்த ஆளுக்கு என்ன செய்யலாம் என்ற ஒரே நினைப்பில் இருந்தேன்.

வழியை அவரே காட்டினார். நிறைவு விழா கார்த்திகையில் வந்தது. அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, தாடி, நெற்றி நிறையச் சந்தனம். மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிடவேண்டும், வேறு வழியில்லை. ஏற்பாடு பேச வந்தவர் சொன்னார்: "மேடம் நம்ம கையால சாப்பிட ஆசைப்படுறாங்க. நானும் சாப்பிடுவேன். விரதம் இருக்கேன் அக்கா, குளிச்சிட்டு சுத்தபத்தமா சமைங்க."

"அப்படியே செஞ்சிறலாம் சாமி" என்றேன்.

மாலை போட்டவர் இழவு வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. இழவுச் சோறு வாயில் படக்கூடாது. பட்டால் மாலையைக் கழற்ற வேண்டியதுதான், அந்த வருடம் சபரிமலை கிடையாது. இது எங்கள் மலையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

நாத்தனாரிடம் சொன்னபோது அவள் நடுங்கிப்போனாள். "ஏ புள்ள, அவன் மேல கோவம்னா அவனைத் திட்டு. சாமிய ஏன் நடுவுல இழுக்கிற? குத்தம் வந்துரும்."

"வந்தா என் தலைல வரட்டும். நீ வெறகு மட்டும் தள்ளு."

"யாருமே சாகலையேடி."

"சமையலறை சாகுது. அதுக்குச் சோறு போட வேணாமா?"

விழா அன்று காலையில் அவள் தலைக்குக் குளித்துவிட்டு எனக்கு முன்பே வந்து நின்றாள்.

எங்கள் லயத்தில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்து வீடுகள் சமைத்துக் கொண்டுவரும். அந்தச் சமையலில் தாளிக்கமாட்டோம். கடுகு வெடிக்கிற சத்தம் அழுகிறவர்களின் காதில் விழக்கூடாது. மஞ்சள் போடமாட்டோம். அப்பளம், பாயசம் எதுவும் கிடையாது. வெறும் சோறு, அவித்த பருப்பு, பூசணிக்காய், பாகற்காய். இலையைத் திருப்பிப் போடுவோம், நுனி வலப்பக்கம் வரும். சாப்பிடுங்க என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கவும் கூடாது.

எல்லாவற்றையும் அப்படியே செய்தோம். வாழையிலை எங்கள் குளிருக்கு வளராது. கீழே கினிகத்தேனைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரவழைத்தோம். பெண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். இரண்டு பேர் பயந்துபோய்ப் பாதியில் வீட்டுக்குப் போனார்கள், அவர்களை நான் தடுக்கவில்லை.

வெள்ளைக்காரம்மா வந்தார். அவருக்குப் பூமாலை போட்டோம், பொட்டு வைத்தோம், பேச்சுகள் நடந்தன. உள்ளூர் மக்களின் ஆற்றல் வளர்ந்துவிட்டது என்று இவர் தமிழிலும் இங்கிலீசிலும் சொன்னார். பிறகு பந்தி. வெள்ளைக்காரம்மாவுக்குப் பக்கத்தில் இவர் உட்கார்ந்தார். இலையைப் போட்டது நான். அவர் படம் எடுக்கிறவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், இலையைக் கவனிக்கவில்லை. சோற்றைப் போட்டேன். பருப்பை ஊற்றினேன். மஞ்சள் இல்லாமல் வெளிறிப்போய் அது சோற்றில் பரவியது. அவர் பேசிக்கொண்டே பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

இரண்டாவது வாய்க்குக் கை பாதியில் நின்றது. பருப்பைப் பார்த்தார். பாகற்காயைப் பார்த்தார். பிறகு இலையின் நுனியைப் பார்த்தார். தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். கையில் வாளியோடு வரிசையாக நின்ற பெண்களில் ஒருத்தியும் சாப்பிடுங்க சாமி என்று சொல்லவில்லை. அவருடைய முகம் கறுத்ததை நான் கண்குளிரப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்திலும் வந்ததில்லை.

அந்த நேரத்தில் அவர் எழுந்திருக்கலாம். எழுந்திருந்தால், என்ன ஆயிற்று என்று வெள்ளைக்காரம்மா கேட்பார். இது சாவுச் சோறு என்று சொல்லவேண்டிவரும். யார் செத்தது, ஏன் போட்டார்கள் என்று அடுத்த கேள்வி வரும். நான் இங்கிலீசில் பதில் சொல்லத் தயாராக இருந்தேன். ராத்திரியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த பதில்.

வெள்ளைக்காரம்மா பருப்பை ருசித்துவிட்டுச் சந்தோஷமாகப் பாராட்டினார். இவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "எண்ணெயே இல்லாம சமைச்சிருக்கீங்கன்னு மேடம் பாராட்டுறாங்க. பயிற்சி நல்லா வேலை செஞ்சிருக்குன்னு சொல்றாங்க."

நாத்தனார் வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

வெள்ளைக்காரம்மா இவரைப் பார்த்துச் சிரித்தார், நீங்களும் சாப்பிடுங்கள் என்று கையைக் காட்டினார். படம் எடுக்கிறவன் கமராவைத் திருப்பினான். இவர் கழுத்தில் மாலை தொங்க, குனிந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். எழுந்திருப்பார் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். சாமியை விட்டாலும் விடுவேன், மேடம் முன்னால் இந்தப் பேரை விடமாட்டேன் என்று அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது என் சந்தோஷம் கொஞ்சம் கசந்தது.

வாகனங்கள் கிளம்பும்போது அவர் எங்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. இழவு வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள்.

அடுத்த நாள் அண்டாக்களை ஏற்ற வரவேண்டிய லொறி வரவில்லை. சில நாள் கழித்துத்தான் வந்தது, முன்சீட்டில் அவர். காற்சட்டை போட்டிருந்தார். தாடி இல்லை, கழுத்து வெறுமையாக இருந்தது. குருசாமியிடம் போய்த் தானே கழற்றிவிட்டு வந்தார் என்று ஹட்டன் கடைகளில் ஏற்கெனவே பேச்சு அடிபட்டிருந்தது. காரணம் என்னவென்று அவர் யாரிடமும் சொல்லவில்லையாம்.

சமையலறை வாசலில் நின்று கேட்டார். சத்தம் போடவில்லை. குரல்தான் உடைந்திருந்தது. "ஒங்க தோட்டத்துல யாருமே சாகலையே அக்கா. பொய்ச் சாவுக்குச் சோறு போட்டு என் விரதத்தைக் கெடுத்திட்டீங்க. எங்கம்மாவுக்காக இருந்த விரதம்."

அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். கேட்டதும் மனம் ஒரு நிமிடம் அசைந்தது உண்மைதான். மேல் லயத்துப் பெரியவர் தட்டைச் சட்டைக்குள் மறைத்தது ஞாபகம் வந்தது. அசைந்த மனம் நின்றுகொண்டது.

"யாரும் சாகலைன்னா மாலையை ஏன் சேர் கழட்டினீங்க?"

அவர் உள்ளே கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாக்களைப் பார்த்தார். இழவு வீட்டிலிருந்து யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. எடுத்தால் அங்கே சாவு இல்லை என்றாகும். சாவு இல்லையென்றால் அவர் மாலையைக் கழற்றியதற்கு அர்த்தமில்லை. லொறியில் வந்த பையன்களும் லயத்துப் பிள்ளைகள்தான், விஷயம் தெரிந்து கீழேயே இறங்கவில்லை. அவர் திரும்பி நடந்தார். லொறி வெறுமையாகவே இறங்கிப் போனது.

அண்டா எங்களிடம்தான் இருக்கிறது. பதாகையைக் கழற்றி விறகுக்கு மேலே மூடியிருக்கிறோம். கழிந்த வீடுகளில் சில திரும்ப அரிசி கொடுக்கின்றன, சில இன்னும் கொடுக்கவில்லை. மேல் லயத்துப் பெரியவர் வரவே இல்லை. ஹட்டனில் அவருடைய நிறுவனம் நன்றாக நடக்கிறது என்கிறார்கள். எங்கள் சமையலறைப் படம் இன்னும் அவருடைய அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறதாம், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உருவாக்கியது என்ற எழுத்தோடு.

"அதான் எல்லாம் நம்மகிட்டயே இருக்கே, இன்னும் ஒனக்கு என்னாதான் வேணும்?" என்று நாத்தனார் கேட்கிறாள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வெள்ளைக்காரம்மாவிடம், அதே இங்கிலீசில், "நாங்கள் போவதற்கு முன்னாலேயே அந்தப் பெண்கள் ஊருக்கே சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள்" என்று அவர் வாயால் சொல்லவேண்டும். அவர் சொல்லமாட்டார். நானும் விடமாட்டேன்.